அம்மன், அம்மை, ஆஸ்பத்திரி

வாசகர் கேள்வி - பதில்

ஆடி பிறந்துவிட்டது. மாடம்பாக்கத்தில் தெருவுக்குத் தெரு பந்தல், கூழ், வேப்பிலைத் தோரணம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: மதத்துக்கும் நோய்க்கும் சாவுக்கும் என்ன உறவு? அவற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழ் முழுவதும் பதில் எழுதியிருக்கிறேன்.

இல்லத்தரசி, ராஜகீழ்ப்பாக்கம்: அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோமே, அது மருத்துவமா, மூடநம்பிக்கையா?

வாசலில் செருகிய கொத்து எந்தக் கிருமியையும் கொல்லாது. ஆனால் அதைப் பார்த்ததும் பால்காரர் படியோடு நின்றுவிடுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வராது. வீட்டில் இருப்பவர்களும் கல்யாணம், காதுகுத்து என்று எங்கும் போக மாட்டார்கள். தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது. முத்தெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரியம்மையில் கடைசிப் பொருக்கு உதிரும்வரை தொற்று இருக்கும் என்று மருத்துவம் சொல்கிறது. நம் வீட்டுப் பாட்டிகள் வைத்த கெடுவும் ஏறக்குறைய அதுவேதான்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. "அம்மா வந்திருக்கா" என்று சொன்ன வீட்டில் நோயாளியை யாரும் திட்டவில்லை, பாவி என்று சொல்லவில்லை. வீட்டோடு ஒதுக்கி வைத்தார்கள், ஆனால் கைவிடவில்லை. பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தார். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த வித்தியாசம்தான் அளவுகோல்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலையூர்: அப்படியானால் மாரியம்மன் வழிபாடு உயிர்களைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லலாமா?

பாதி வரைக்கும் சொல்லலாம். பெரியம்மையின் கொடிய வகை, வந்த பத்துப் பேரில் மூன்று பேரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண் போனது. வந்த பிறகு குணப்படுத்த அன்று மருந்தும் கிடையாது, மந்திரமும் கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

அந்த வகையில் வீட்டோடு ஒதுங்கியிருந்தது நல்லதே செய்தது. பெரியம்மை தலைதூக்கியது கோடையில். சமயபுரத்தில் மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதும் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும்தான். நோய் எப்போது வரும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

மறு பாதி கசப்பானது. அம்மை குத்துபவர் தெருமுனையில் தெரிந்தால் குழந்தையைப் பரணில் ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. ஊசி போட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்ற பயம். நோயாளிக்குக் காவலாக இருந்த நம்பிக்கை, நோய் வராத குழந்தைக்கு எமனாக நின்றது.

கல்லூரி மாணவி, மாடம்பாக்கம்: கபில முனிவர் பசுவாகப் பிறந்து வழிபட்டதாகச் சொல்லும் தேனுபுரீஸ்வரர் கோயில் நம்முடையது. பசுவைக் கும்பிடுகிற நாட்டில், பசுவிடமிருந்து வந்த தடுப்பூசியை ஏன் எதிர்த்தார்கள்?

அருமையான கேள்வி. பசுவின் மடியில் வரும் அம்மைக் கொப்புளத்துச் சீழை மனிதர் கையில் கீறி வைத்தால் பெரியம்மை அண்டாது என்று இங்கிலாந்தில் ஜென்னர் 1796-ல் காட்டினார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. குளிர்பெட்டி இல்லாத காலம். அதனால் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைத்தார்கள். கைக்குக் கை இப்படித்தான் ஊர் ஊராகப் போனது.

சிக்கல் அங்கேதான். யார் வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து யார் வீட்டுக் குழந்தையின் கைக்கு? ஊருக்கு முதலில் கையை நீட்டியது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும்தான். அந்தக் கையிலிருந்து எடுத்ததை என் பிள்ளைக்கு வைக்காதே என்று மேல்சாதி வீடுகள் கதவைச் சாத்தின. பசு புனிதம்தான், பக்கத்துத் தெருக் குழந்தை தீட்டு.

சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ், திருக்குறளில் தோய்ந்தவர், இதற்கு ஒரு வழி கண்டார். தமிழிலேயே ஓர் உரையாடல் எழுதினார். அதில் சக்தியே தன்வந்திரியிடம் பேசுகிறாள்: பசு தரும் ஐந்து பொருள்களோடு, மக்கள் மேல் இரக்கப்பட்டு ஆறாவதாக இந்த மருந்தையும் நானே கொடுத்திருக்கிறேன் என்று. அம்மையைக் கொடுப்பவள் வாயாலேயே அம்மைக்கு மருந்து. நம்புகிறவரை இகழாமல், அவர் நம்பிக்கைக்கு உள்ளேயே நின்று பேசிய அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

ஐ.டி. ஊழியர், செம்பாக்கம்: தடுப்பூசியைத் தன்வந்திரியே எழுதி வைத்துவிட்டார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறதே, உண்மையா?

இல்லை. அந்தச் செய்தியின் பிறந்த தேதியே தெரியும். 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசு மடியின் கொப்புளத்திலிருந்து எடுத்து அம்மை குத்தும் முறை பழைய சம்ஸ்கிருத நூலில் இருக்கிறது என்றது கடிதம். அந்த நூலை யாரும் காட்டவில்லை. மக்களை ஊசிக்கு இணங்க வைக்கப் புனைந்த சுலோகம் அது என்பது ஆய்வாளர்களின் முடிவு. நல்ல நோக்கம்தான். ஆனால் 200 ஆண்டுகள் கழித்தும் அது சரித்திரமாக உலவுகிறது பாருங்கள், நன்மைக்குச் சொன்ன பொய்க்கும் அவ்வளவு ஆயுள்!

பெருமைப்பட உண்மையே இருக்கிறது. பெரியம்மைக் கொப்புளத்துப் பொருளையே சிறிதளவு கீறி வைத்துப் பாதுகாக்கும் முறை ஜென்னருக்கு முன்பே வங்காளத்தில் வழக்கத்தில் இருந்தது. ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் 1767-லேயே அதை விவரமாக எழுதியிருக்கிறார். குடும்பக் குழுவில் அதைப் போடுங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், கேம்ப் ரோடு: பெரியம்மையை ஒழித்தது அம்மனா, அரசாங்கமா?

ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் உற்பத்தியாகிப் பெட்டியில் போன அம்மைப்பால், அதைச் சுமந்து வெயிலில் நடந்த சுகாதார ஊழியர், கையை நீட்டிய மக்கள். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை முடிந்தது. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். அம்மன் கோயில்களில் ஒரு மணி கூடக் குறையாமல் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. நோய் போனால் பக்தி போய்விடும் என்று பயந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர், கிழக்கு தாம்பரம்: கோவையில் 'பிளேக் மாரியம்மன்' என்றே கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் மீண்டும் மீண்டும் அடித்த ஊர் அது. 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' சிலையும் வைத்தார்கள். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எந்த நேரத்தில் யார் போவார்கள் என்று தெரியாமல் தவித்த மக்கள், அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு முகக்கவசம் போட்டார்களா, தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்பது மட்டும்தான் என் கேள்வி.

இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர், வேங்கைவாசல்: எங்கள் மட்டக்களப்பிலும் இப்படி உண்டே?

உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவது உங்கள் கிழக்கு மாகாணத்தின் பெரிய சடங்கு. கோடையின் வெக்கையும் அம்மையும் தணிய வேண்டும் என்ற வேண்டுதல் அது. சிங்களர் அதே தெய்வத்தைப் பத்தினி என்று கும்பிட்டு இதையே வேண்டுகிறார்கள். தமிழர் கூலிகளாகக் கப்பலேறிப் போன மலேயாத் தோட்டங்களிலும் மாரியம்மன் கோயில்தான் எழுந்தது. ஊர் பேர் தெரியாத காட்டில், மருத்துவர் இல்லாத லயத்தில், அவர்களோடு கூடப்போனவள் அவள் ஒருத்திதான்.

செவிலியர், அகரம்தென்: திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை எங்கள் அம்மா இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்கிறார். ஏன்?

ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பிரசவச் சாவுகள் இருக்கின்றன. கோஷா என்ற பர்தா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களையும், சாதி ஆசாரம் பார்த்த இந்துப் பெண்களையும் ஆண் மருத்துவர் தொடக் கூடாது. பிரசவம் சிக்கினால் சாவுதான். இதைக் கண்ணால் பார்த்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனில் படித்துத் திரும்பி, 1885-ல் பெண்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பெயர்ப் பலகையிலேயே 'சாதி' என்றும் 'கோஷா' என்றும் இருந்தது. உன் ஆசாரத்தோடேயே உள்ளே வா, உயிரோடு திரும்பிப் போ என்று அதற்குப் பொருள்.

நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இன்னும் தெற்கே போனால் திண்டிவனம். 1890-களில் அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், மூவரும் தனித்தனியாக, ஒரு மிஷனரி மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூவரின் மனைவிகளுக்கும் பிரசவச் சிக்கல். டாக்டரின் மகள் வர முடியுமா என்று கேட்டார்கள். மகள் மருத்துவம் படிக்காதவள். அப்பா வருகிறார் என்றாள். ஆண் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பினார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்தது. அந்த மூன்று பெண்களைக் கொன்றதும் மத வழக்கம்தான். அந்த மருத்துவமனையைக் கட்ட வைத்ததும் ஒரு மத நம்பிக்கைதான்.

வழக்கறிஞர், தாம்பரம்: பால்ய விவாகத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

கட்டாயம் சேர்ப்பேன். 1889-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயதுதான், கணவனின் வன்முறையில் ரத்தம் கொட்டி இறந்தாள். 1891-ல் சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக்கச் சட்டம் வந்தபோது, மதத்தில் தலையிடாதே என்று எதிர்த்தவர்களில் திலகரும் இருந்தார். இங்கே சென்னை சட்டமன்றத்தில் 1927-ல் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளின் பிரசவங்களை மருத்துவராகப் பார்த்தவர். அதனால் சாஸ்திரம் பேசியவர்களிடம் அவர் உடம்பைப் பற்றிப் பேசினார். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. வளராத இடுப்பெலும்புக்கு எந்த மந்திரமும் வழிவிடாது.

சமூகவியல் மாணவர், மேடவாக்கம்: இன்றைய இந்தியாவில் மதத்தைப் பொறுத்துக் குழந்தைச் சாவு மாறுகிறதா?

மாறியிருக்கிறது, எதிர்பாராத திசையில். சராசரியாகப் பார்த்தால் இந்திய முஸ்லிம்கள் இந்துக்களைவிட ஏழைகள், படிப்பிலும் பின்தங்கியவர்கள். அப்படியானால் அவர்கள் வீட்டில்தானே குழந்தைகள் அதிகம் இறக்க வேண்டும்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளை அலசிய மைக்கேல் ஜெருசோவும் டீன் ஸ்பியர்ஸும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. ஐந்து வயதுக்குள் இறப்பது முஸ்லிம் குழந்தைகளிடம் சுமார் 18 சதவீதம் குறைவு.

காரணம் கழிப்பறை. முஸ்லிம் குடும்பங்கள் கழிப்பறையை அதிகம் பயன்படுத்தின. பக்கத்து வீடுகளும் அப்படியே என்பதால் அந்தத் தெருவின் மண்ணிலும் தண்ணீரிலும் மலக்கிருமி குறைந்தது. முஸ்லிம்கள் நிறைந்த பகுதியில் வாழ்ந்த இந்துக் குழந்தைகளுக்கும் அதே பலன் கிடைத்தது. கிருமி பூணூலையும் பார்க்காது, தொப்பியையும் பார்க்காது.

இந்து வீடுகள் ஏன் தயங்கின? வீட்டுக்குள் கழிப்பறை தீட்டு, குழி நிரம்பினால் அதைத் தொடுவது இன்ன சாதியின் வேலை என்ற எண்ணம். அந்த எண்ணம் இரண்டு பக்கமும் கொன்றது. வெளியே போன வீட்டில் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. மலம் அள்ள விதிக்கப்பட்டவர் விஷவாயுவில் இறந்தார். கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. நம் புறநகரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் வீட்டுக்காரர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இயந்திரத்தை வரவழையுங்கள்.

பயண ஏற்பாட்டாளர், சிட்லப்பாக்கம்: தீர்த்த யாத்திரையால் காலரா பரவியது என்பது வெள்ளைக்காரர் கட்டிய கதையா?

கதை இல்லை. 1783 ஹரித்துவார் கும்பமேளாவில் எட்டே நாளில் சுமார் 20,000 பேர் காலராவில் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1867-லும் அங்கிருந்து திரும்பிய யாத்ரிகர்களோடு வட இந்தியா முழுக்க நோய் போனது. 1865 ஹஜ்ஜில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அங்கிருந்து அது ஐரோப்பா வரை பரவியதால்தான் மறு ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் பல நாடுகள் கூடிப் பேசின.

ஆனால் பழியைப் பக்தி மேல் மட்டும் போட முடியாது. கூட்டம் கூடும் என்று தெரிந்தும் குடிநீருக்கும் கழிவறைக்கும் வழி செய்யாத அரசு பாதிக் குற்றவாளி. குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் ஒரே குளத்தில் நடந்தது. 1884-ல் கல்கத்தாவில் அப்படியொரு குளத்துத் தண்ணீரிலும் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கண்டார். இன்று ஹஜ் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பிறகே விமானம் ஏறுகிறார்கள். யாத்திரையும் நிற்கவில்லை, கொள்ளைநோயும் கூடப் போகவில்லை.

சமணக் குடும்பத்து வாசகர், பம்மல்: தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் எங்கள் வழக்கத்தால் உடம்புக்கு ஏதாவது பலன் உண்டா?

உண்டு, நிரூபணமாகவே உண்டு. நீங்கள் சிற்றுயிரைக் காக்கத் துணியில் வடிகட்டுகிறீர்கள். காலராக் கிருமியோ தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. வங்கதேசத்தில் மத்லப் பகுதிக் கிராமங்களில் பெண்கள் பழைய புடவையை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டியபோது காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ரீட்டா கால்வெல் குழு 2003-ல் வெளியிட்ட முடிவு இது. படிக்கட்டுக் கிணறுகளில் இறங்கி மொண்ட காலத்தில் பரவிய நரம்புச் சிலந்தியை விரட்டியதிலும் துணி வடிகட்டிக்குப் பங்கு உண்டு. 1996-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. எறும்புக்குக் காட்டிய இரக்கம் மனிதருக்கும் வந்து சேர்ந்தது.

வங்கி ஊழியர், வண்டலூர்: தொழுநோயை மட்டும் ஏன் எல்லா மதமும் பாவம் என்றது?

முகத்திலும் விரலிலும் தெரிவதால். இங்கே முன்வினை என்றார்கள். இடைக்கால ஐரோப்பாவில் உயிரோடு இருப்பவருக்கே சாவுச் சடங்கு போன்ற பூசை செய்து ஊரை விட்டு அனுப்பினார்கள். அம்மை வந்தவருக்கு வீட்டில் பாய் இருந்தது. தொழுநோயாளிக்கு வாசல்கூட இல்லை. இத்தனைக்கும் தொழுநோய் அவ்வளவு எளிதில் தொற்றாது. கொடிய தொற்றுக்கு மரியாதை, மெதுவான தொற்றுக்குத் துரத்தல். அச்சத்துக்குக் கணக்கு வராது.

நம் செங்கல்பட்டுத் திருமணியில் 1920-களில் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் சென்னை அரசும் சேர்ந்து தொழுநோயாளிகளுக்கு லேடி வில்லிங்டன் இல்லத்தை அமைத்தன. 1940-களில் டாக்டர் காக்ரேன் சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது அங்கேதான். 1955-ல் மத்திய அரசு அந்த இல்லத்தை எடுத்துக்கொண்டது. இன்று மாத்திரையிலேயே முழுவதும் குணமாகும். அப்படியும் தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணச் சட்டங்களில் 2019 வரை இருந்தது! மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சட்டம் குணமானது.

பெயர் வேண்டாம் என்ற தாய், நெடுங்குன்றம்: என் மகனுக்கு மனநலப் பிரச்சினை. தர்காவில் தங்க வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அம்மா, முதலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் பார்ப்பார்கள். பிரார்த்தனையை நிறுத்த வேண்டாம். மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி இருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். கொன்றது தீ மட்டுமல்ல, சங்கிலியும்தான். அதன் பிறகு அங்கே மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கட்டிப் போடாமல், அடிக்காமல், சின்னச் சின்ன வேலை கொடுத்து, உறவினரோடு தங்க வைத்த அந்த இடத்தில் நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. பரிவுக்கு அவ்வளவு பலம் உண்டு. எந்த இடமானாலும் சங்கிலியைக் கண்டால் உடனே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பொறியாளர், பெருங்களத்தூர்: நோய்க்கு ஒரு மதத்தாரைக் குற்றம் சாட்டுவது நம் நாட்டில் மட்டும்தானா?

எங்கும் உண்டு, என்றும் உண்டு. ஐரோப்பாவைக் கறுப்புச் சாவு என்ற பிளேக் தின்ற காலத்தில், யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தி கிளம்பியது. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348-ல் அறிக்கை விட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். பிளேக் அந்த நகருக்கு அதுவரை வந்தே சேரவில்லை!

2020-ல் டெல்லி தப்லீக் மாநாட்டை வைத்து ஒரு சமூகத்தையே கிருமியாகப் பேசினோம். வெளிநாட்டு தப்லீக் ஜமாத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாக பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை அந்த ஆகஸ்டிலேயே சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கும்பல் கல்லால் அடித்தது. நள்ளிரவில் வேலங்காடு இடுகாட்டில் சக மருத்துவர் பிரதீப்குமார் மண்வெட்டியாலும் கையாலும் மண் தள்ளி அவரைப் புதைத்தார். பயம் ஏறினால் மதமும் மனிதமும் ஒன்றாகவே இறங்கிவிடுகின்றன. அதே நாள்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (த.மு.மு.க.) தொண்டர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு, எந்த மதத்தவர் உடலானாலும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது.

சத்துணவுப் பணியாளர், அகரம்தென்: அன்னதானத்தால் நோய் குறையுமா?

பட்டினி கிடந்த உடம்பில்தான் காலராவும் அம்மையும் முதலில் நுழையும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது பசியோடு கைகோத்த நோய். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் தருமசாலையில் அடுப்பு மூட்டிவிட்டார். சாதி, மதம் கேட்காத சோறு. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தடுப்பு மருந்துகளிலேயே மூத்தது சோறு.

ஐயப்ப பக்தர், முடிச்சூர்: பக்தி உள்ளவர் நீண்ட நாள் வாழ்வாரா?

கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களில் ஆண்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு ஆண்டு அதிகம் வாழ்வதாக நீண்டகால ஆய்வு சொல்கிறது. புகை இல்லை, குடி இல்லை, பலர் சைவம், வாரம் ஒருநாள் முழு ஓய்வு. நீங்களும் மாலை போட்டு 41 நாள் அப்படித்தான் இருக்கிறீர்கள். மாலையைக் கழற்றிய மறுநாளும் பாட்டிலைத் தொடாதீர்கள். ஐயப்பன் வேண்டாம் என்றா சொல்வார்?

ரயில் பயணி, சானடோரியம்: கடைசியாக உங்கள் தீர்ப்பு என்ன? மதம் நல்லதா, கெட்டதா?

மதத்தைக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. ஒவ்வொரு வழக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்: நோயாளி பக்கத்தில் நீ உட்கார வைத்தாயா, எழுந்து ஓட வைத்தாயா? மருத்துவருக்குக் கதவைத் திறந்தாயா, சாத்தினாயா? திறந்தது வாழட்டும், சாத்தியது போகட்டும்.

உங்கள் ரயில் நிலையத்தின் பெயரே ஒரு சாட்சி. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு எச்.ஐ.வி. வந்தபோது, பாவத்தின் சம்பளம் என்று ஊர் முகம் திருப்பிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே படுக்கை கிடைத்தது.

ஆகவே இந்த ஆடிக்கு வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். சின்னம்மை போட்டால் வேப்பிலையும் செருகுங்கள், முதல் நாளே மருத்துவரிடமும் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆபத்தானது, மருந்து உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தவறிய ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சானடோரியம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.